ஸ்டேட் டேக்ஸ் மாஃபி

சுலைமானி டீயை ஊதி ஊதி ஆற வைத்துவிட்டு, அதைக் குடிக்காமலே ஸ்ரீனிவாசன் பேசிக்கொண்டிருக்கிறார். பர் துபாயில் கௌஸ் முகம்மதுவின் டீக்கடை. பேச்சு அமெரிக்க வருமானவரியைப் பற்றி. கேட்கிறவர்கள் யாருக்கும் அமெரிக்காவில் ஒரு செண்ட் காசு கிடையாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அவருக்குக் காதுகள் போதும்.

வயது அறுபத்தொன்று. இருபத்தாறு வருடம் அமெரிக்காவில் என்ஜினியர், அந்த நாட்டுக் குடிமகன். நாலு வருடமாக இங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை; தனிக்கட்டையாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். மனைவி ராதிகா அங்கேயேதான். ஸ்ரீனிவாசன் பெயரில் உள்ள வீடு, கார், லைசென்ஸ், ஓட்டு எல்லாம் அங்கேதான். சட்டையை இஸ்திரி போடாமல் வெளியே வர மாட்டார். யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லவே மாட்டார்.

முந்தின வருடம் பிப்ரவரியில், ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் வேறு வகைக் கணக்குக்கு மாற்றினார். மாற்றும்போது ஒருமுறை வரி கட்டிவிட்டால், பிற்பாடு எடுக்கையில் வரியே கிடையாது. மத்திய அரசுக்கு உரியதைத் தவணை தவறாமல் கட்டினார். அங்கே மாநில அரசும் தனியாக வருமானவரி வாங்கும். அதற்கும் தவணை அனுப்பட்டுமா என்று ராதிகா கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

“நான் துபாய்ல இருக்கேன்டி. இங்க இருக்கறவனுக்கு ஸ்டேட் டேக்ஸ் மாஃபி. கிடையவே கிடையாது. கலாஸ், முடிஞ்சுது.”

கையில் மிஞ்சியதை நம்பி, இந்த ஜூனோடு வேலையை விட்டு வீட்டுக்குப் போவதாக ராஜினாமாவும் கொடுத்துவிட்டார். அடேயப்பா, அந்த வாரம் மனிதர் நடையே மாறிப்போனது! இன்னும் டியூட்டிக்குப் போகிறவர்களைப் பார்த்து ‘பாவம்’ என்று உச்சுக்கொட்டினார்.

மாநிலத்தின் கடிதம் ராதிகாவிடம் போய்ச் சேர்ந்தது. போனில் அதை வாசித்துக் காட்டினாள். ‘வீடும் மனைவியும் இங்கே இருக்க, பிழைப்புக்காக வெளியே போனவர் நீங்கள். சட்டப்படி எங்கள் ஊர்க்காரர்தான்’ என்பது அதன் சாரம். வரி ஐம்பதாயிரம் டாலர். தவணைக்குத் தவணை கட்டாமல் விட்டதற்கு அபராதம் தனி, அதற்கு மேல் வட்டி. துளியும் குரல் உயர்த்தாமல் வாசித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“அப்ப ஜூன்ல வருவீங்களா, மாட்டீங்களா?”

லைன் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆபீஸில், ராஜினாமாக்களைக் கவனிக்கும் பானுப்பிரியாவின் மேஜைக்கு முன் போய் நின்றார். தன் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். அந்தப் பெண்ணின் பேனாவாலேயே, ஜூனுக்குப் பக்கத்தில் இருந்த வருடத்தை அடித்தார். மேலே அடுத்த வருடத்தை எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார்.

“டைப்பிங் மிஸ்டேக்மா,” என்று திருப்பிக் கொடுத்தார்.