ரீலின் சத்தம்

ஆலங்காயத்தில் துணி தைக்கும் ரோசியின் கணவன் சைலஸ் போன வருடம் இறந்துபோனான். மலையடிவார ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பும்போது தூண்டில் ரீலைச் சுற்றிப் பார்ப்பான். கரகரவென்று சத்தம் வரும். ரோசிக்கு அந்தச் சத்தத்தை மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும்.

ரீலை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். கைப்பிடி இறுகியிருந்தது. தையல் மிஷினுக்கு விடுவதுபோல, கண்ணில் பட்ட துளையிலெல்லாம் மிஷின் ஆயில் விட்டாள். கைப்பிடி முன்னால் அசையாமல் பின்பக்கம் வழுக்கிச் சுற்றியது. சைலஸின் கூட்டாளி விஜயராஜிடம் கொண்டுபோனாள்.

"இன்னா அண்ணி, ரீலுக்கு ஜாக்கெட் தெக்கப் பாத்தீங்களா? பின்னால சுத்தாம புடிக்கிற உருளைக்கு எண்ணெயே ஆவாது. வழுக்கிடும்."

பிரித்து, பெட்ரோலில் கழுவித் துடைத்து, பல்சக்கரத்துக்கு மட்டும் கிரீஸ் தடவி மூடினான். சுற்றிக் காட்டினான். சத்தமே இல்லை.

"கரகரன்னு வருமே தம்பி?"

"அது துருப்புடிச்ச பேரிங்கு அண்ணி. அண்ணன்கிட்ட எவ்ளோ தபா சொன்னேன், மாத்தவே வுடல. இப்ப புதுசு போட்டுட்டேன்."

"பழசு எங்க?"

"கழுவும்போதே உதிர்ந்துட்ச்சு. சாக்கடையில ஊத்திட்டேன்."

அவன் பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தான். ரோசி கைப்பிடியை மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள்.

"நல்லா ஓடுது தம்பி" என்றாள்.