மாஸ்டரின் இடது கால்

அப்பா உட்கார்ந்தாலும் அவருடைய இடது கால் உட்காராது. சாப்பாட்டு மேசைக்கு அடியில், பேருந்தில், என் பட்டமளிப்பு விழாவின் நாற்காலியில், எங்கே என்றாலும் குதிகால் தரையில் ஊன்றியிருக்கும். முன்பாதம் மட்டும் இரண்டு விரற்கடை மேலே எழும்பி, இல்லாத எதன் மீதோ லேசாகச் சாய்ந்திருக்கும். சின்ன வயதில் அந்த இடுக்கில் பென்சிலை நுழைத்து எடுத்து விளையாடுவேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

"அந்தக் காலைக் கீழ வைங்களேன், பாக்கவே பதறுது" என்பார் அம்மா.

"கீழதானே இருக்கு?" என்பார் அப்பா, குனிந்துகூடப் பார்க்காமல்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அம்மாவே வெளியாட்களிடம் "மாஸ்டர் கிளாஸுக்குப் போயிருக்காரு" என்றுதான் சொல்வார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். லாரி கழுவி, பிறகு லாரி ஓட்டி, யார் யாருடைய கார்களையோ ஓட்டி, நாற்பது வயதில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கினார். அதில் இரட்டைப் பெடல் போட்டு, ஒற்றை அறையில் பள்ளியைத் தொடங்கினார். இரட்டைப் பெடல் என்பது, கற்றுக்கொள்கிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையில் மாஸ்டருக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருப்பது. இரண்டும் இணைந்தவை. யார் மிதித்தாலும் வண்டிக்கு ஒன்றுதான்.

முதல் வருடத்திலேயே ஒருவர் கிளட்சிலிருந்து காலைப் படக்கென்று எடுத்துவிட்டார். வண்டி துள்ளி நடைபாதையில் ஏறியது. அங்கே நின்றிருந்த பழவண்டிக்காரரின் கால் முறிந்தது. "ஒரு நொடி முன்னாடி நான் மிதிச்சிருந்தா..." என்று அப்பா சொன்னாராம். அதற்குப் பிறகு பதினேழு வருடம் அவருடைய வண்டியால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

நான் இயந்திரவியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள். கறுப்பு அங்கியில் நான் நிற்கும் படத்தைப் பள்ளியில் சாலைக் குறியீடுகளின் பலகைக்குப் பக்கத்தில் அப்பா மாட்டிவைத்தார். வருகிறவர்கள் 'வழுக்கும் சாலை', 'குறுகிய பாலம்', அடுத்தது நான் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். வேலை தேடிக்கொண்டிருந்த அந்த வருடம் அங்கேயே உட்கார்ந்து படிவங்கள் நிரப்பினேன்.

அப்போதுதான் ரொட்டிக்கடை அக்கா வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினான்கு வருடமாக ரொட்டிக்கடையில் அடுப்பு முன்னால் நிற்கிறவர். முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். கடைக்காரர் புதிதாக ஒரு சின்ன வேன் வாங்கியிருந்தார். மாதக் கடைசிக்குள் லைசன்ஸ் எடுத்தால் ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேலை அக்காவுக்கு, இல்லையென்றால் வெளியாளுக்கு என்று சொல்லிவிட்டார்.

"உக்காந்து பாக்குற வேலைம்மா" என்றார் அக்கா என்னிடம், ஏதோ ரகசியம் சொல்வதுபோல. "இருபது வயசுலேர்ந்து நான் நின்னுட்டேதான் இருக்கேன்."

மாதக் கடைசி வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு அவர் பெயரை நான்தான் எழுதினேன்.

காருக்கோ அப்போது உடம்பு சரியில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கியர் மாற்றும்போது நறநறவென்று பல்லைக் கடிக்கும். மேட்டில் ஏறினால் தீய்ந்த நாற்றம். நாலு மாதத்துக்கு முன்புதான் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தது. "ஒருத்தருக்கும் கால்ல பதமில்ல" என்று அப்பா வருகிறவர்களையெல்லாம் வைதுகொண்டிருந்தார்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்னால், தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்தது அக்கா. பின் இருக்கையில் முறைக்குக் காத்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்களோடு நானும் இருந்தேன். பானட்டிலிருந்து புகை வந்தது.

"ஏம்மா, அது கிளட்சா, இல்ல உங்க கடை மாவா? மிதிச்சுப் பிசைஞ்சுட்டே இருக்கீங்க!"

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை விட்டுவிட்டு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நான் காலை எடுத்துட்டுதான் மாஸ்டர்..."

"எடுத்தா ஏன் எரியுது? இஞ்சினுக்கும் எனக்கும் சண்டையா? சும்மா எரிஞ்சு காட்டுதா?" கீழே இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "இந்தக் கால வச்சுக்கிட்டு வெள்ளிக்கிழம டெஸ்ட்டுக்குப் போனீங்கன்னா என் பேரும் சேர்ந்து நாறும். அடுத்த மாசம் பாப்போம். பாப்பா, இவங்க பேர எடுத்துரு."

அடுத்த மாதம் என்பது அக்காவுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். பெயரை அடித்தேன்.

மறுநாள் காலையில் அக்கா ஒரு பை நிறைய பன் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மாஸ்டர் கோவமா இருக்காரா? நின்னு நின்னு மரத்துப்போன காலும்மா. மிதிச்சா மிதிச்சதே தெரியமாட்டேங்குது. வண்டிய கெடுத்துட்டேன்." அவர் போன பிறகு அந்த பன்களை நாங்கள் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

அன்று மதியமே பட்டறையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். நானும் அப்பாவோடு போனேன். மெக்கானிக் கியர்பெட்டியை இறக்கித் தரையில் வைத்திருந்தார். கிளட்ச் பிளேட் ஆணித்தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டு சூட்டில் நீலம் பூத்திருந்தது. கல்லூரித் தேர்வில் நான் கிளட்சின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து பதினாறுக்குப் பதிமூன்று வாங்கியவள். நிஜமான கிளட்சை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன்.

"மாஸ்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார் மெக்கானிக்.

"கோவிச்சுக்கிட்டா மட்டும் சொல்லாம இருக்கப்போறியா?"

மெக்கானிக் இரண்டு பெடல் ரப்பர்களைக் கொண்டுவந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். "இது ஓட்டுறவங்க பக்கத்து கிளட்ச். இது உங்க பக்கத்து கிளட்ச்."

ஓட்டுகிறவர்கள் பக்கத்து ரப்பரில் வரிகள் இன்னும் இருந்தன. அப்பாவுடையது மழமழவென்று தேய்ந்து, நடுவில் இரும்பு பல்லிளித்தது.

"படிக்கிறவங்க நூறு பேரு மாறுறாங்க மாஸ்டர். இந்தப் பக்கம் ஒரே காலுதான். நீங்க மிதிக்கல, ஒத்துக்குறேன். ஆனா வச்சிருக்கீங்க. சும்மா வச்சிருந்தாலே பிளேட்டோட பிடி விட்டுப்போவும், வழுக்கும், எரியும். அவங்க என்னதான் காலை எடுத்தாலும் வண்டிக்கு எடுத்த மாதிரி ஆவாது."

"டேய், நான் ஸ்டியரிங் பிடிச்சப்ப நீ பால் குடிச்சிட்டு இருந்த."

"அதான் மாஸ்டர் நானும் சொல்றேன். அவ்வளவு பழைய காலு."

அப்பா சிரிக்கவில்லை. ரப்பர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. நீ படிச்சவ. இவன் சொல்றது நிஜமா?"

எனக்குச் சந்தேகமே இல்லை. பதிமூன்று மதிப்பெண் வாங்கிய பக்கத்திலேயே இது எழுதியிருந்தது. பென்சில் நுழைத்து விளையாடிய கால் அது. ஆனால் அப்பா என்னை அப்படி ஒரு முகத்தோடு அதுவரை பார்த்ததில்லை. இல்லையென்று சொல்லிவிடேன் என்று கெஞ்சும் முகம். அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ரெண்டும் காரணமா இருக்கலாம்ப்பா" என்றேன்.

"கேட்டியா? இன்ஜினியர் சொல்லுது" என்றார் அப்பா. மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா இரண்டு ரப்பர்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தேர்வுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வண்டி மறுநாளே தயாராகிவிட்டது. பெயரைத் திரும்பச் சேர்க்க ஒரு வரி எழுதினால் போதும். அப்பா சொல்வார் என்று நானும், நான் கேட்பேன் என்று அவரும் இருந்தோமோ என்னவோ, வெள்ளிக்கிழமை வந்து போனது. வேன் வேறொருவர் கைக்குப் போனது.

அப்பாவுக்கு விளங்காமல் இல்லை. அடுத்த வாரமே தன் கிளட்சுக்குப் பக்கத்தில் கால் வைத்துக்கொள்ள ஒரு இரும்புப் பட்டை அடிக்கச் சொன்னார். எதற்கு என்று மெக்கானிக் கேட்கவில்லை. அப்போது மாற்றிய புது பிளேட் மூன்று வருடம் உழைத்தது. வருகிறவர்களை வைவது குறைந்தது. "பரவால்ல, மெதுவா எடுங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டு அம்மா, "யாரோ மாஸ்டரக் கடத்திட்டுப் போயிட்டு வேற ஆள விட்டுட்டாங்க" என்று கேலி செய்தார்.

ஒருநாள் அவர் ரொட்டிக்கடைக்குப் போனார். எங்கள் தெருவிலேயே ரொட்டி கிடைக்கும். இரண்டு பேருந்து மாறிப் போய், ஒரு ரொட்டியோடு திரும்பினார்.

"அக்கா இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"இருந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வண்டி இப்ப நல்லா ஓடுதான்னு கேட்டாங்க." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார். "நல்லா ஓடுதுன்னு சொன்னேன்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஆயிரம் பேரிடம் நாள் முழுக்கக் கத்திய வாய் அது. நான் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தினால் என்னுடைய 'இருக்கலாம்' வெளியே வரும்.

மூன்று வருடம் கழித்து, கிளாஸ் முடித்து வந்த ஒரு மதியம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, மருத்துவமனை போகும் வழியிலேயே இறந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள், தங்கள் வண்டிகளைத் தெருமுனை வரை நிறுத்தியிருந்தார்கள். ரொட்டிக்கடை அக்கா நடந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்னாலதான் மாஸ்டர் வண்டி கெட்டுச்சு. அப்புறம் கடைக்கு வந்தப்பகூட அதப்பத்தி ஒரு வார்த்த கேக்கலம்மா. எவ்வளவு பெரிய மனசு!"

அக்கா, அது உங்க கால் இல்ல. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கூடத்தில் அப்பாவின் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள், அம்மா அழுதுகொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோல.

கடன் எதையும் அப்பா எங்களுக்கு விட்டுப்போகவில்லை, அதில் அம்மாவுக்குப் பெருமை. அந்தப் பெருமையை நான் கெடுக்கவில்லை. அக்கா இன்னும் அடுப்பு முன்னால்தான் நிற்கிறார், தன் கால்தான் குற்றவாளி என்று நம்பிக்கொண்டு. அப்பா அவருக்குத் தர வேண்டியிருந்த அந்த ஒரு வாக்கியத்தை இங்கே எழுதிவிட்டேன். அக்கா இதையெல்லாம் படிக்கிறவர் இல்லை என்று தெரிந்துதான் எழுதினேனோ என்னவோ. அவரிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை.