ஏறாத வளையல்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஐந்தும் வீட்டிலேயே பிறந்தவை. பிரசவத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கடைக்குட்டி கவிதாவுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் வயிற்றில் தங்கியது. ஏழாம் மாதம் சேந்தமங்கலத்தில், அவள் புகுந்த வீட்டில் வளைகாப்பு. கண்ணாடி வளையல் கையில் ஏறவே இல்லை.

"எங்க ஊட்டுச் சோறு எப்படி ஒட்டியிருக்குது பாருங்க சம்மந்தி" என்றார் அவள் மாமியார். எல்லோரும் சிரித்தோம். நான் விளக்கெண்ணெய் தடவி ஏற்றிவிட்டேன். முகமும் உப்பியிருந்தது, தாய்மைப் பூரிப்பு என்றோம். விசேஷ வேலையில் அந்த மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தோம்.

மூன்றாம் நாள் தலைவலி என்றாள். கண் மங்குகிறது என்றாள். சேலத்துக்குக் கொண்டு ஓடினோம்.

"இது பூரிப்பு இல்லீங்கம்மா, வீக்கம்" என்றார் டாக்டரம்மா. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு (ரத்த அழுத்தம் ஏறி, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைவது). வயது கூடித் தலைப்பிரசவம் என்றால் முதலிலிருந்தே கவனம் வேண்டுமாம். "உடனே எடுக்கணும். புள்ள ரொம்பச் சின்னதா இருக்கும்."

ஆபரேஷனுக்கு வளையலைக் கழற்றச் சொன்னார்கள். வரவில்லை.

"பெறக்கறதுக்கு முன்னாடி ஒடைக்காதீங்க சம்மந்தி, ஆகாது!"

"எம்புள்ள பொழச்சு வரட்டுங்க. கடையவே வாங்கிப் போடறேன்."

துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக நானே உடைத்தேன்.

பேரன் ஒன்றேகால் கிலோ. கவிதா எழ முடியாமல் கிடந்தாள். கங்காரு முறைக்கு (குழந்தையை வெறும் மார்போடு ஒட்டி உடல்சூடு கொடுப்பது) ஆள் வேண்டும் என்றார்கள்.

"நான் வெச்சுக்கலாமுங்களா?"

"தாராளமா, பாட்டி. ஆனா அசையாம உக்காரணும்."

"கடலைக்காட்டுல குனிஞ்சே கெடந்த முதுகுங்க. உக்காரச் சொன்னா கசக்குமா?"

வற்றிப்போன மார்பு என்று நினைத்திருந்தேன். அதிலும் சூடு மிச்சமிருந்தது. சில நேரம் அவன் மூச்சுவிட மறந்துபோவான். நர்ஸ் காட்டித் தந்தபடி உள்ளங்காலைச் சுண்டி, "மூச்சு விடு சாமி" என்பேன். விடுவான். அடுத்த மூச்சு வரைக்கும்தான் எனக்கு நாள்.

கவிதா தேறினாள். அவனும் தேறினான்.

வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கையோ முகமோ வீங்கினால், தலை வலித்தால், கண் மங்கினால், அன்றைக்கே ரத்த அழுத்தம் பாருங்கள். என்னைப் போல விளக்கெண்ணெய் தேடாதீர்கள்.

அவன் இப்போது மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் படுத்தால் இன்றும் என் கை தானாக அவன் உள்ளங்காலுக்குப் போகிறது. எனக்கு எழுத்துக் கொஞ்சம்தான் வரும். எழுதியது சரியா என்று கேட்க அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

இங்க வா சாமி. மொதல்ல இருந்து படி. அவசரமில்ல. நல்லா மூச்சு விட்டுப் படி.