பினாங்கிலிருந்து சாந்தோமுக்கு, தெரசாவைத் தேடி

கப்பல்கள் மறுபடி ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு, ஊருக்குப் போய்வரலாமா என்று பினாங்கில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் 1946 அக்டோபரில் போனேன். அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மாவையும் தங்கை தெரசாவையும் கண்டுபிடிக்கத்தான் போனேன். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்த நாளிலிருந்து வீட்டுக்கும் எனக்கும் தபால் கிடையாது. யுத்தம் முடிந்து நான் எழுதிய கடிதங்களோ போன வேகத்தில் திரும்பி வந்தன.

கப்பலில் மேல்தளத்திலேயே படுத்துறங்கும் தளத்துப் பயணம் ஒரு வாரம். நல்ல கம்பளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் சோற்றை நம்பாமல் ஊறுகாயும் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு வெளியே வந்து, ராயப்பேட்டை வழியாகப் போகும் மயிலாப்பூர் டிராமில் ஏறினேன். அதே ஆட்டம், அதே மணிச் சத்தம். பக்கத்தில் இருந்தவர் கூடையில் மல்லிகைப்பூ. பினாங்கில் பூவே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் டிராமில் அந்த வாசனை வந்தபோது இறங்கும்வரை அந்தக் கூடைப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன், என்ன செய்ய?

சாந்தோமில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் பழைய வாடகை வீடு. வாசலில் கோலம் போட்டிருந்தது. நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், எங்கள் வாசலில் கோலம் ஏது? கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த மாமி, "வெயில்ல நின்னுண்டிருக்கேளே, உள்ள வாங்கோ" என்றார். தங்கமான மனுஷி. ஆனால் அவர்கள் யுத்தம் முடிந்த பிறகு வந்தவர்கள். முன்னால் இருந்தவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

தெருமுனை வெற்றிலைக் கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் மனுஷர் வெலவெலத்துப் போனார்.

"இன்னா சார், நீ உயிரோடவா கீறே? குண்டு வுயப் போவுதுன்னாங்களே, அந்த வருசம் ஊரே மூட்ட கட்டிகினு பூட்ச்சு. உங்க ஊட்ல கூட போய்ட்டாங்கோ. நீ சப்பான்காரன் கையில பூட்டேன்னு இல்ல சொல்லிகினு இருந்தாங்கோ!"

எங்கே போனார்கள் என்பது அவருக்கும் தெரியாது. மாதா கோயிலிலும் சாமியார் புதியவர். ராயப்பேட்டையில் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு அலைய ஆரம்பித்தேன். லாட்ஜ் மூட்டைப்பூச்சியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், விட்டுவிடுகிறேன்.

தெரசா டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் தியாகராய நகரில். பஸ்ஸில் போய் பனகல் பார்க்கில் இறங்கினால் பாதி மரம், பாதி காலி மனை, நடக்க வெகு சுகம். பள்ளிக்கூடத்துப் பியூன் யோசித்து, "தெரசா டீச்சரா? அடையாறுல கீறாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையிலேயே சாந்தோமில் ஒரு ஜட்கா பிடித்தேன். எட்டணாவுக்கு ஒத்துக்கொண்டார், நீங்கள் ஆறணாவிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்.

"எந்தத் தெரசாம்மா நைனா?" என்று, நான் சொன்ன பேரைக் கேட்டுச் சிரித்தார் ஜட்காக்காரர். "சாந்தோம்ல நின்னுகினு தெரசான்னு ஒரு கொரல் குடு, தெருவே திரும்பிப் பாக்கும்."

அவர் வாய் முகூர்த்தம் அப்படி. பாலத்தைத் தாண்டி, தோப்புகளைத் தாண்டிப் போய், பியூன் சொன்ன வீட்டுக் கதவைத் தட்டினால், ஐம்பது வயது அம்மாள் ஒருவர் வந்து நின்றார். அவரும் தெரசாதான், டீச்சர்தான். என் தெரசா இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பியூனை என்னவோ செய்திருப்பேன். அந்த அம்மாள் என்னை உட்காரவைத்து வெல்லக் காப்பி கொடுத்து, என் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார். அங்கே சர்க்கரை ரேஷனில்தான்.

"உங்க அப்பா கல்லறை எங்க இருக்கு, தம்பி?" என்று கேட்டார்.

"ஆத்தோரத்துக் கல்லறைத் தோட்டத்துல."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் சுத்துறீங்க? கல்லறைத் திருநாள் வருதில்ல? அன்னைக்கு அங்க போய் நில்லுங்க. எந்த ஊர்ல இருந்தாலும் செத்தவங்களுக்கு மெழுகுவர்த்தி ஏத்த நம்ம ஜனம் அன்னைக்கு வராம இருக்குமா?"

நவம்பர் இரண்டாம் தேதி விடியற்காலையிலேயே போய்விட்டேன். தெரிந்த முகங்கள் வரத் தொடங்கின. சிலர் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரிடமும் பேச்சுக் கொடுக்க மனமில்லாமல், அப்பாவின் கல்லறைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றேன். வெயில் ஏறிய நேரத்தில் தெரசா வந்தாள். இளைத்திருந்தாள். கூடவே ஒருவர், புருஷன் என்று பார்த்ததுமே தெரிந்தது. அம்மாவைக் காணோம். முடியாமல் வீட்டில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தெரசா புல்லைப் பிடுங்கிச் செவ்வந்தியைத் தூவி, அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று ஏற்றினாள். அம்மா போய்விட்டாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் புருஷன் மெதுவாகச் சொன்னார்: "அண்ணனுக்கும் ஒண்ணு ஏத்திடு தெரசா. இத்தனை வருசமாச்சு."

"மாட்டேன். சாகும்போது அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. ஏத்தினா, அண்ணன் வந்து என்னைத்தான் திட்டும்."

"திட்டத்தான் வந்திருக்கேன்" என்றேன். அதன் பிறகு அங்கே நாங்கள் அழுத அழுகையை எழுத முடியாது. அவர்கள் ஊரைக் காலி செய்தபோது செங்கல்பட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்களாம். அம்மா போனது 1944இல்.

போக நினைப்பவர்களுக்குக் கடைசியாக என் யோசனை. ரேஷன் காலம், போகிற வீட்டுக்குச் சுமையாகாமல் கொஞ்சம் சர்க்கரை கொண்டுபோங்கள். வேதக்காரர்களாக இருந்தால் நவம்பர் முதல் வாரம் ஊரில் இருக்கும்படி கிளம்புங்கள். நல்ல சம்பளம் வரட்டும், நல்ல கப்பல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டேன் என்று அங்கே யாரோ ஒருத்தி பிடிவாதமாக நின்றுகொண்டிருப்பாள்.