சலோமி மனந்திரும்பவில்லை

செய்தியை டேவிட்தான் கொண்டுவந்தான். நான் ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பதைத் தாண்டிய மனிதன், அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா போயிட்டாங்க சுகிர்தாக்கா. காலைல காப்பி போட எழுந்தாங்க. அப்டியே அடுப்புகிட்ட உக்காந்துட்டாங்க."

நான் சாக்பீஸைக்கூடக் கீழே வைக்காமல் அவனோடு ஜட்காவில் ஏறினேன். ஜோகுபாளையத்தில் என் சிநேகிதி பாக்கியத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் பெண்கள். நர்ஸ் பாக்கியம் கைவைத்துப் பிறந்த பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகளும் வந்திருந்தார்கள். இதைப் படிக்கிற உங்களிலும் பாதிப் பேரை முதன்முதலில் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவள் அவள்தான். "நல்ல பேரு வாங்க நேரம் இல்ல, வெந்நி வைங்க" என்று அவள் போட்ட சத்தம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அடக்கத்தன்று நம் சபையின் இளம் பாதிரி ஐயர் கல்லறையருகில் நின்று பேசினார். "நாம் எல்லோரும் சிறுவயதில் படித்த சலோமி இவர்தான். அடங்காத பெண்ணாயிருந்தவரைக் கர்த்தர் மண்டியிடச் செய்து, ஊழியக்காரியாக மாற்றினார்" என்றார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டே புன்னகை செய்தது. எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. குழிமேட்டில் நின்று சண்டை போடக்கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டேன். அங்கே பேசாததை இங்கே, நம் சபைப் பத்திரிகையில், எழுதுகிறேன்.

சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சலோமி யாரென்று சொல்ல வேண்டும். பாக்கியத்தின் அப்பா நம் சபையில் உபதேசியாராக இருந்தவர். 'கிருபை வீட்டுக் கதைகள்' என்று வருஷத்துக்கு ஒன்றாக ஆறு சின்னப் புத்தகங்கள் எழுதினார். ஓய்வுநாள் பள்ளிக்குத் தவறாமல் வந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அவற்றைக் கொடுப்பார்கள். கதையில் கிருபை என்று ஓர் அநாதைப் பெண், பொறுமையின் சிகரம். அவளைச் சேர்த்துக்கொண்ட வீட்டின் மகள் சலோமி, வாயாடி, சுயநலக்காரி, எதிர்த்துப் பேசுகிறவள். முதல் புத்தகத்தில் அவளுக்குப் பதின்மூன்று வயது, கடைசிப் புத்தகத்தில் பதினெட்டு. கிருபை என்று ஒருத்தி அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அவளை உபதேசியார் கற்பனையிலிருந்து எடுத்தார். சலோமியை எடுக்க அவர் அவ்வளவு தூரம் போகவில்லை, சொந்த மகளையே எடுத்துக்கொண்டார். பெயரை மாற்றினார், இடது கன்னத்து மச்சத்தைக்கூட மாற்றவில்லை.

பாக்கியம் வீட்டில் செய்த ஒவ்வொரு குற்றமும் அந்தந்தக் கிறிஸ்துமஸுக்கு அச்சாகி நம் எல்லார் கைக்கும் வந்தது. கன்டோன்மென்ட் தண்டுப் பகுதியில் எந்தப் பெண்பிள்ளை எதிர்த்துப் பேசினாலும் "போடி சலோமி" என்றோம். கோயிலுக்குப் போகிற அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதையே சொன்னார்கள். சலோமி யாரென்று அவர்களுக்குத் தெரியாது, திட்டு நன்றாயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் பாக்கியம் ஒரு தலையணை உறையில் ஆறு புத்தகங்களையும் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"நீ டீச்சர். ஆயிரம் பிள்ளைங்களப் பாத்திருக்க. இத மொத்தமா ஒரு தடவ படி. படிச்சுட்டு, இந்தப் பொண்ணு கெட்டவளா இல்லயான்னு சொல்லு. நீ என்ன சொன்னாலும் ஒத்துக்கறேன்."

"இப்ப எதுக்குடி அந்தக் கர்மம்?"

"அப்பா எழுதுனதுல ஒரு பொய் இல்ல சுகிர்தா. அதெல்லாம் நான் செஞ்சதுதான். ஏன் செஞ்சேன்னு மட்டும் அவரு எழுதல. கடைசிப் புஸ்தகம் வேற கணக்கு, அத நீயே படிச்சுப் பாரு."

பரீட்சைத் தாள் என்றேன். ரேஷன் கடை வரிசை என்றேன். முழங்கால் வலிக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தமோ, அதையும் சொன்னேன். இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை. "சும்னே கேட்டேன், சும்மாதான், விடு" என்றாள். நானும் விட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அவள் என்னிடம் விட்டுப்போன புத்தகங்களோடு உட்கார்ந்தேன், நாலு மணிக்கு ஆறும் முடிந்துவிட்டது. இந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான் இரண்டு வருஷம் எனக்கு ஒழியவில்லை.

முதல் புத்தகத்தில் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் பெண்ணுக்குச் செருப்பில்லை. அப்பா சலோமியின் புதுச் செருப்பை எடுத்துக் கொடுக்கிறார். சலோமி எல்லார் முன்னாலும் அந்தப் பெண் காலிலிருந்து அதைக் கழற்றிக்கொள்கிறாள். சிறுவயதில் இந்த இடத்தில் நான் பல்லைக் கடித்திருக்கிறேன். இப்போது படித்தபோது இரண்டு விஷயம் தேடினேன். செருப்பு வாங்கியது யார்? தாய்மாமன் என்று ஒரு வரியில் இருக்கிறது. கொடுக்கலாமா என்று அவளை யாராவது கேட்டார்களா? பக்கம் பக்கமாகப் புரட்டினேன், இல்லை. அப்பாவின் குடை ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். கிறிஸ்தவப் பத்திரிகையில் எழுதத் தகாத பழமொழிதான், ஆனால் உபதேசியார் செய்ததற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

சலோமியை நல்லவளாக்கிக் காட்ட நான் வரவில்லை. அவள் தம்பியைக் கிள்ளுகிறாள். அம்மாவை முட்டாள் என்கிறாள். யாராவது அழுதால் அதே மாதிரி அழுது காட்டுகிறாள். இந்த வயதில் படித்தும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, என் வகுப்பில் இருந்தால் இரண்டு நாளைக்கொரு தடவை வெளியே நிறுத்தியிருப்பேன். வளர்ந்த பாக்கியத்தையும் பல சமயம் எனக்குப் பிடிக்காது. வலியில் துடிக்கிற மனைவியை விட்டுவிட்டு ஊர் சுற்றும் புருஷன்மார்களை அவள் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது. ஆனால் பிடிக்காதவள் வேறு, கெட்டவள் வேறு. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தும் அதை நான் இப்போதுதான் கற்றேன்.

இரண்டாம் புத்தகம் வந்த வருஷம் பரிசளிப்பு விழாவில் கதையை மேடையில் வாசித்துக் காட்டினார்கள். சலோமி பேசுகிற இடங்களை வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் மூக்கால் இழுத்து இழுத்துப் பேசினேன். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. உபதேசியார் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பாக்கியம் மூன்றாவது வரிசையில், வெள்ளைப் பாவாடையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழா முடிந்து வெளியே வந்ததும், "நான் அப்டியா பேசறேன்?" என்று மட்டும் கேட்டாள். "பின்ன?" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கு என்னை நானே அறையத் தோன்றுகிறது.

மூன்றாம் புத்தகத்துக்கு வருகிறேன். ஊரில் பிளேக் பரவிய சமயத்துக் கதை. வீட்டில் எலி செத்து விழுகிறது. ஜெபம் போதும், ஊசி அவிசுவாசம் என்கிறார் அப்பா. கிருபை முழங்காலில் நிற்கிறாள். சலோமி யாருக்கும் சொல்லாமல் தம்பியை இழுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று, இரண்டு பேருக்கும் ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். கை வீங்கிக் காய்ச்சலில் கிடக்கிறாள். அது கர்த்தர் கொடுத்த தண்டனை என்று கதை முடிகிறது. அந்தத் தம்பிதான் டேவிட், அன்றைக்கு ஆறு வயது. வகுப்பு வாசலில் வந்து நின்று எனக்குச் செய்தி சொன்னவன்.

கிறிஸ்துமஸுக்கு அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. எனக்கொன்று, என் தங்கை ரூத்துக்கொன்று. ரூத் எழுத்துக்கூட்டி வாசிக்க, அம்மா கேட்டாள். ஜனவரியில் எங்கள் தெருவில் மறுபடியும் எலி விழுந்தது. அன்று சாயங்காலமே பாக்கியம் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"பெரியம்மா, நாளைக்கு ஊசி டாக்டர் வர்றாராம். சுகிர்தாவயும் ரூத்தயும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு நாளு கை வீங்கும், அவ்ளோதான்."

"உங்கப்பாவே அது அவிசுவாசம்னு எழுதியிருக்காரு. நீ என்னாத்துக்குடி ஊர்ப் பிள்ளைங்களயும் கெடுக்கற? போடி சலோமி!"

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். பாக்கியம் போகாமல் நின்றாள். கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மா கதவைச் சாத்தினாள். பன்னிரண்டாம் நாள் ரூத் போய்விட்டாள். ஒன்பது வயது. உபதேசியார் வந்து ஜெபம் பண்ணி, கர்த்தருடைய சித்தம் என்றார். நாங்கள் ஆமென் என்றோம்.

ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் செத்தவர்கள் உண்டு. அது எனக்குத் தெரியும். ரூத் பிழைத்திருப்பாள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்தக் கதவு எதனால் சாத்தப்பட்டது என்பது முப்பத்திரண்டு பக்கத்தில் அச்சாகி என் மடியில் கிடக்கிறது. தங்கை செத்ததை நான் மறக்கவில்லை. புத்தகத்தையும் மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் எனக்குத் தைரியம் வரவில்லை. பாக்கியம் சேர்த்துப் பார்த்தவள். அவள் அதை என்னிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

கடைசிப் புத்தகத்தில் சலோமி தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஐயர் கல்லறையில் சொன்னது இதைத்தான். இது நடக்கவே இல்லை. அந்த வருஷம் பாக்கியம் நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்றாள், அப்பா மறுத்தார், அவள் அம்மாவின் வளையலோடு ரயிலேறி மதராஸுக்குப் போனாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் ஊரிலேயே இல்லை. மகள் மண்டியிடவில்லை என்றதும் அவர் காகிதத்தில் மண்டியிட வைத்துக்கொண்டார். ஆறு புத்தகத்தில் சலோமியைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் இது. நாம் முப்பத்தைந்து வருஷமாக நம்புவதும் இதைத்தான்.

போன வாரம் சபைக் காரியதரிசி என் வீட்டுக்கு வந்தார். ஆறு புத்தகங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பாக்கியத்தின் நினைவாக மறுபதிப்புப் போடக் கமிட்டி தீர்மானித்திருக்கிறதாம். சிநேகிதி என்பதால் முன்னுரை நான் எழுத வேண்டுமாம்.

"ரெண்டு பக்கம் போதும் டீச்சர். அவங்க மண்டி போட்டு மனந்திரும்புனத நல்லா உருக்கமா எழுதிடுங்க."

"அவ மண்டி போட்டத நீங்க பாத்தீங்களா?"

"புஸ்தகத்துல இருக்கே டீச்சர்!"

அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். நல்ல மனிதர். நாமெல்லாருமே நல்ல மனிதர்கள்தான், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பாக்கியம், படித்துவிட்டேன். நீ கெட்டவள் இல்லை. இதைச் சொல்ல இரண்டரை மணி நேரம் போதும் என்று தெரிந்தும், நீ உயிரோடிருந்தபோது நான் சொல்லவில்லை. உன்னிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது உன் கோபம் ஒன்றைத்தான். எனக்கு அது புதிது, இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, ஆனாலும் விடமாட்டேன்.

கமிட்டியாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கேட்ட முன்னுரை இந்தக் கட்டுரைதான். ஒரு வரி குறைக்காமல் போடுங்கள். மூன்றாம் கதை முடிகிற பக்கத்தின் அடியில், என் தங்கை ரூத்தின் பெயரையும் அவள் வயதையும் அச்சிடுங்கள். அதற்குச் சம்மதமென்றால் கையெழுத்துப் போட நான் தயார்.