வாயைத் திறந்து மூச்சு

முனிச்சாலைப் பக்கம் எங்கள் தாலிம்கானா என்கிற உடற்பயிற்சிக் கூடத்தில் தண்டால் எடுக்கும்போது வாயைத் திறந்து இரைக்கக் கூடாது. இரைத்தால் சோம்பேறி என்று பெயர்; சோம்பல் தீர இன்னும் எடுக்க வேண்டும். அந்த மாசியில், வழக்கமாக எடுப்பதில் பாதிக்கே எனக்கு இரைத்தது. வாயை இறுக மூடிக்கொண்டு மேலும் எடுத்தேன்.

முடித்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் கதை பேச ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் மூச்சு அடங்கவே இல்லை. "இன்னும் எம்புட்டு நேரம் இரைப்ப மாப்ள" என்று கூட்டாளி கேலி செய்தான்.

வீட்டுப் படியேறும்போதும் இரைத்தது, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். படியேற விடாத சோம்பல் எந்த ஊரில் உண்டு?

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் குழலை என் நெஞ்சில் வைத்து, "வாயைத் திறந்து மூச்சு விடுங்க" என்றார்.

விட்டேன். அவர் குழலை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.