தில்லைநாதனின் மீசை

தில்லைநாதன் இறந்த செய்தி பிற்பகல் நாலு பத்துக்குக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தது. அங்கே இருந்த அவருடைய தம்பி குகரூபன் கணினியில் ஓவியம் வரைபவன். முப்பத்தோராம் நாள் சடங்கில் வைக்க அண்ணனின் படத்தைத் தானே வரைவதாக அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

திரை நிறைய மீசையின் நாலு மயிர் மட்டும் தெரியுமளவுக்குப் பெரிதாக்கித்தான் வரைந்தான். மீசைக்கே பதினொரு நாள் போனது. உயிரோடு இருந்தபோது அண்ணன்கூட அதை அவ்வளவு கவனித்ததில்லை.

"இஞ்சேருங்கோ, முழுப்படத்தையும் ஒரு மூலையில சின்னனாத் திறந்து வைச்சுக்கொண்டு கீறுங்கோவன்," என்றாள் மனைவி சாம்பவி.

"என்ர அண்ணன்ர முகம் எனக்குத் தெரியாதோ?"

"தெரியும். அதுதான் பார்க்கப் பயப்பிடுறியள்."

அவன் இன்னும் பெரிதாக்கினான்.

முப்பதாம் நாள் காலை, அச்சகத்துக்கு அனுப்புவதற்காக முதன்முறையாகப் படத்தைச் சுருக்கினான். மீசை அச்சு அசல். ஆனால் ஒரு கண் பக்கத்துப் பாமன்கடையையும் மற்றது தூரத்துக் களனியையும் பார்த்தன. சாம்பவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவன் அழுதான், அந்த முப்பது நாளில் முதல் தடவையாக.

மறுநாள் வந்தவர்கள் கைப்பேசியில் எடுத்த பழைய படமொன்றுக்கு மாலை போட்டார்கள். குகரூபனின் படத்தில் இடது காது வரையப்படாமலே விடுபட்டிருந்தது.